கேட்கப்படாத சரித்திரம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

நீண்ட ஆயுளும் நற்செயலும் ஒருங்கே அமையப்பெற்ற ஒரு பெரியவரை இன்று நினைவுகூர விரும்புகின்றேன். அவர் உத்தரப் பிரதேசம் புலந்த்ஷஹர் மாவட்டத்தைச் சேர்ந்த கேப்டன் அப்பாஸ் அலீ ஆவார்.

1920ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் பிறந்த அவர், 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது, 11 வயதுச் சிறுவராக எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்தார். அலீகரில் கல்வி கற்று, 1939இல் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் சேர்ந்து, மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் இணைந்தார். 1945இல் சிறைப்பட்டு, இராணுவ நீதிமன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பெற்றார். நாடு விடுதலையடைந்ததால் உயிர் தப்பினார்.

அதன்பின் சோஷலிஸ்ட் கட்சியில் உழைத்து, மக்கள் போராட்டங்களில் ஐம்பது முறைக்கு மேல் கைதானார். நெருக்கடி நிலையின்போது 19 மாதங்கள் சிறையிலிருந்தார். சிறை சென்றவர் அவர். வீட்டின் அடுப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் காத்திருந்தோர் அவருடைய குடும்பத்தினர். ஒரு போராளியின் தியாகத்தைப் பேசும்போது அவ்வீட்டாரின் பொறுமையையும் சேர்த்தே பேசுதல் நீதியாகும்.

2009இல், தமது 89ஆம் வயதில், அவர் தமது வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 2014 அக்டோபர் 11 அன்று அலீகரில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்நூல் வந்திராவிடில், அவர் கண்டவற்றுள் பெரும்பகுதி அவருடனேயே மண்ணுக்குள் போயிருக்கும்.

சகோதரர்களே! இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாவாழ் தமிழர்கள் பெருந்தொகையினராய்ச் சேர்ந்தனர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எனது பாட்டனாரும் மலாயாவில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். திண்ணையில் தஸ்பீஹுடன் அமர்ந்திருக்கும் அவரை, மதரஸா விடுமுறையில் ஊர் வரும்போதெல்லாம் கிதாபும் கையுமாகக் கடந்து சென்றிருக்கின்றேன். அவரும் துப்பாக்கி ஏந்தியவர் என்பதை அவரது கப்ரடியில்தான் அறிந்தேன். உடன் பணிபுரிந்த முதியவர் ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். எந்த ஊரில், எந்தப் படையில் என்று கேட்பதற்கு அன்று எவரும் மிஞ்சவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய அறிவிப்பாளர்களின் வரலாற்றை மனனம் செய்த நான், என் வீட்டுத் திண்ணையின் வரலாற்றைக் கேட்கத் தவறினேன். அவ்வருத்தம் இன்றளவும் தீரவில்லை.

பெரியோரைக் கண்ணியப்படுத்தாதவர் நம்மைச் சார்ந்தவரல்லர் எனும் கருத்தில் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஸலாம் சொல்லி ஒதுங்கிச் செல்வது மட்டும் கண்ணியமாகாது. அருகமர்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்பதும் கண்ணியமே.

ஆகவே வாலிபர்களே! வாரம் ஒரு நாள் அஸருக்குப் பின் தத்தமது வீட்டுப் பெரியவரிடம் அரைமணி நேரம் அமருங்கள். பெற்றோர் பெயர், பிழைக்கச் சென்ற ஊர், பட்ட கஷ்டம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். அல்லது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வீட்டிலுள்ள மூதாட்டியரையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதியை ஜமாஅத் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

ஜனாஸாவில் தோள் கொடுக்க நாம் ஓடி வருகின்றோம். அதற்கு முன்பே காது கொடுப்போமாக! மறைந்த நம் முன்னோர் அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.