வாடகையும் வழித்தூரமும்

சென்னைப் பக்கம் வேலை மாறி வருகிறவர் முதலில் கேட்பது, "வாடகை எங்கே குறைச்சல்?" என்பதுதான். சிறுசேரியில் வேலை, வாடகை கட்டுப்படியாகிறது என்று ஒருவர் கல்பாக்கம் பக்கத்தில் உள்ள புதுப்பட்டினத்தில் வீடு பிடிக்கிறார் என்று வையுங்கள். மாமல்லபுரம், திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால், மாதம் 25 நாளில் 75 மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். வாடகையில் மிச்சம் பிடித்ததை அந்த 75-ஆல் வகுத்துப் பாருங்கள். சிலருக்குச் சிரிப்பு வரும்.

அதே புதுப்பட்டினம், கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவருக்குச் சைக்கிள் தூரம். ஆனால் அவர் மனைவிக்குத் தாம்பரத்தில் வேலை என்றால்? கல்பாக்கத்துக்கு ரயில் கிடையாது. மின்சார ரயிலுக்குச் செங்கல்பட்டுதான் தோது. அந்த மனைவி அதுவரை திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்து போக வேண்டியதுதான்.

கடலோரத்தில் வீடு பார்த்தால் குழாயைத் திறந்து தண்ணீரை நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் கேன் தண்ணீர்ச் செலவையும் வாடகையோடு கூட்டுங்கள். ஜன்னல் கம்பியையும் தடவிப் பாருங்கள்; புதுப் பெயின்ட்டுக்கு அடியில் துரு இருக்கும்.

அப்புறம் அட்வான்ஸ். பத்து மாத வாடகை கேட்பது சென்னையில் பழகிப்போன வழக்கம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 'வேறு ஒப்பந்தம்' என்பது நீங்கள் கையெழுத்துப் போடும் அந்தக் காகிதம்தான்.