ரிப்பேர் யார் பார்ப்பா? ஹார்ட்டெயில்ல இருந்து முதல் ஃபுல் சஸ்பென்ஷன் வரை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோட் கடைசியில "புது பைக் வாங்கிட்டேன், கதை அடுத்த வாரம்"னு சொல்லியிருந்தேன். வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்வி: "எந்த மாடல் ப்ரோ?" அதை இன்னைக்கு சொல்லப் போறதில்லை. நான் வாங்கினது செகண்ட் ஹேண்ட். அதே பைக் உங்களுக்குக் கிடைக்கவும் கிடைக்காது, கிடைச்சாலும் உங்க ஊர்ப் பாதைக்கு அது சரியா இருக்கும்னு சொல்ல முடியாது. எப்படி முடிவு பண்ணினேன், எங்க தப்பு பண்ணினேன், அதை மட்டும் சொல்றேன்.

புதுசா கேக்கிறவங்களுக்காக ஒரு நிமிஷம். முன்னாடி ஃபோர்க்ல மட்டும் சஸ்பென்ஷன் இருந்தா அது ஹார்ட்டெயில். பின் சக்கரத்துக்கும் தனியா ஷாக் இருந்தா ஃபுல் சஸ்பென்ஷன். உடனே நம்ம ஊர் சைக்கிள் கடையில தொங்குற "டபுள் ஷாக்கர்" ஞாபகம் வரும். அது வேற, இது வேற. அந்த விலைக்கு வர்ற டபுள் ஷாக்கர்ல பின்னாடி பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் அடியை வாங்கும், வாங்கின வேகத்துல திருப்பி உங்க மேலயே தள்ளும். நிஜமான ஷாக்ல ஸ்பிரிங்கோட டேம்பரும் இருக்கும். எண்ணெய் சின்ன சின்ன ஓட்டை வழியா போகும்போது அடியோட சக்தி சூடா மாறிடும், அதனாலதான் சக்கரம் துள்ளாம தரையிலேயே நிக்குது. டேம்பர் இல்லாத டபுள் ஷாக்கரைவிட ஒரு நல்ல ஹார்ட்டெயில் எவ்வளவோ மேல்.

சரி, கதைக்கு வருவோம். நான் இருக்கிறது ஆரணி. பட்டுச் சேலைக்குத்தான் பேர் போன ஊர், பைக் டிரெயிலுக்கு இல்ல. ஊரைச் சுத்தி ஏரிக்கரை, வரப்பு, கமண்டல நாகநதி மணல். மேற்கே சந்தவாசல், படவேடு பக்கம் போனா ஜவ்வாது மலை அடிவாரம், கல்லும் சரளையும் ஆரம்பிக்கும். ஒரு விஷயம் இப்பவே சொல்லிடறேன்: அங்க நிறைய இடம் காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882ல இருந்து இருக்கு, அனுமதி இல்லாம உள்ள போறது குற்றம். நான் ஓட்டுறது ஊர்க்காரங்க நடக்கிற பாதையிலயும் ரோட்டுலயும்தான்.

நாலு வருஷமா ஹார்ட்டெயில் ஓட்டிட்டிருந்தேன். போன வருஷம் அடிவாரத்துல ஒரு சரளை இறக்கத்துல பின் சக்கரம் ஒரு கல்லுல பட்டுத் தூக்கி அடிச்சது. விழுந்தேன். இடது மணிக்கட்டுல எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒத்தக் கையால கோட் டைப் பண்ணிக்கிட்டு, மீதி நேரம் முழுக்க ஃபுல் சஸ்பென்ஷன் ரிவ்யூ வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தேன். "பின்னாடி ஷாக் இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டேன்"னு எனக்கு நானே நிரூபிச்சுட்டேன்.

அம்மா சைக்கிளையே வித்துடச் சொன்னாங்க. அப்பா ஒன்னும் சொல்லல. குழித்தறியில உக்காந்து நாப்பது வருஷம் நெஞ்சவர். ஒரு நாள் நான் லேப்டாப்ல பைக் படத்தைக் காட்டி, விலை ரெண்டு லட்சத்துக்குக் கிட்டன்னு சொன்னேன். விலையைப் பத்தி பேசவே இல்ல. "இன்னாடா இது, இத்தனை மூட்டு இருக்கு. ரிப்பேர் ஆனா யார் பார்ப்பா?"ன்னு கேட்டார்.

எனக்கு அப்போ எரிச்சல்தான் வந்தது. ஆனா அது தறிக்காரரோட கேள்வி. ஜக்கார்டு பெட்டி நின்னு போச்சுன்னா, அதைச் சரி பண்றவர் வர்ற வரைக்கும் தறி நிக்கும், கூலியும் நிக்கும். அதனால எவ்வளவு நல்ல சாமான்னாலும், பழுது பார்க்க ஆள் பக்கத்துல இல்லன்னா அவங்க தொட மாட்டாங்க. மாவுக்கட்டோட இருந்த எனக்கு அது புரிய கொஞ்ச நாள் ஆச்சு.

கட்டு பிரிச்சதும் ரெண்டு வேலை பண்ணினேன். முதல் வேலை, விழுந்த அன்னைக்கு ஹெல்மெட் கேமராவுல பதிவான வீடியோவை மெதுவா ஓட்டிப் பார்த்தது. பார்த்தா, சீட் மேல முழு உயரத்துல இருக்கு. நான் அதுல உக்காந்தே இறங்குறேன், கால் விறைப்பா இருக்கு, பயத்துல பிரேக்கை இறுக்கிப் பிடிச்சிருக்கேன். அந்த நிலைமையில பின்னாடி ஷாக் இருந்திருந்தாலும் விழுந்திருப்பேன். ஒருவேளை இன்னும் வேகமா.

ரெண்டாவது வேலை, ஒரு வருஷத்து ஜிபிஎஸ் பதிவை எடுத்துப் பிரிச்சது. நம்ம வேலையில சொல்வோம்ல, முதல்ல அளந்து பாரு, அப்புறம் ஆப்டிமைஸ் பண்ணுன்னு. மொத்தம் 190 மணி நேரம் ஓட்டியிருக்கேன். அதுல கல்லு, இறக்கம்னு சொல்லத்தக்கது 52 மணி. மிச்சம் எல்லாம் ஏரிக்கரை, தார் ரோடு, வரப்பு. அந்த மிச்சத்துக்கு ஃபுல் சஸ்பென்ஷன் தேவையே இல்ல, கூடுதல் எடைதான்.

அதனால முதல்ல ஹார்ட்டெயிலுக்கே செலவு பண்ணினேன். டயரை 2.4 இன்ச்சுக்கு மாத்தி டியூப்லெஸ் ஆக்கினேன். நம்ம பக்கம் சீமைக்கருவேல முள்ளுக்கு டியூப் தாங்காது. டியூப்லெஸ்ல உள்ள இருக்கிற சீலன்ட் சின்ன ஓட்டையை அதுவே அடைச்சுடும். காத்தையும் குறைவா வைக்கலாம், டயரே பாதி ஷாக் வேலையைச் செஞ்சுடும். அப்புறம் டிராப்பர் போஸ்ட், அதாவது ஓடிக்கிட்டே பட்டன் அமுக்கி சீட்டை இறக்குற கம்பி. இறக்கத்துல சீட் கீழ போச்சு, நான் எழுந்து முட்டியை மடக்கி நிக்கக் கத்துக்கிட்டேன். அதே சரளை இறக்கத்துல விழாம இறங்கினேன். உங்க கையில ஹார்ட்டெயில் இருந்தா, லட்சம் செலவு பண்றதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பண்ணிப் பாருங்க. அது போதும்னு தோணுச்சுன்னா இந்த எபிசோடை இங்கேயே நிறுத்திடலாம்.

எனக்குப் போதலை. காரணம் விழுந்தது இல்ல, களைப்பு. கல்லுப் பாதையில மூணாவது மணி நேரத்துல முதுகும் காலும் சொன்ன பேச்சு கேக்கிறதில்லை. தப்பு நடக்கிறதும் அப்போதான். பெங்களூர்ல ஒரு நண்பரோட ஃபுல் சஸ்பென்ஷனை ஆவலஹள்ளி காட்டுப் பாதையில ஓட்டிப் பார்த்தேன். அரை மணி நேரத்துல ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. உடம்புக்கு நிஜமாவே சுகம். ஆனா வேகம் தெரியவே இல்ல. ஒரு வளைவுல என் வழக்கமான வேகம்னு நினைச்சு வந்தது, அதைவிட ரொம்ப அதிகம். மரத்துல மோதாம நின்னது அதிர்ஷ்டம். இந்த பைக் தப்பை இல்லாம ஆக்காது, கொஞ்சம் மன்னிக்கும். அந்த மன்னிப்பை நாம வேகமா மாத்திட்டோம்னா பழைய ஆபத்தேதான்.

"ஃபுல் சஸ்பென்ஷன்னா ஏத்தத்துல சோம்பேறி"ன்னு ஒரு பேச்சு இருக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்ல யாரோஸ்லாவ் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷன்ல வந்து, ஹார்ட்டெயில்ல வந்த நினோ ஷூர்ட்டரை கடைசி நிமிஷத்துல முந்தித் தங்கம் வாங்கினார். 2016 ரியோவுல ஷூர்ட்டர் தங்கம் வாங்கினது ஃபுல் சஸ்பென்ஷன்ல. ஏத்தமும் இறக்கமும் கலந்த கிராஸ் கன்ட்ரி பந்தயத்துலயே நிலைமை அதுதான். மிதிக்கும்போது ஷாக் மேலயும் கீழயும் ஆடுறது உண்மை. லாக் அவுட் லீவர் வச்ச ஷாக்ல ரோட்டு ஏத்தத்துல அதைப் பூட்டிக்கலாம். போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போது நான் அதைத்தான் பண்றேன்.

அடுத்து டிராவல், அதாவது சக்கரம் எவ்வளவு தூரம் மேலயும் கீழயும் போகலாம்ங்கிற அளவு. 100 முதல் 120 மில்லிமீட்டர் வரைக்கும் கிராஸ் கன்ட்ரி வகை, 120 முதல் 140, 150 வரை டிரெயில், அதுக்கு மேல என்டூரோ. வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு 160தான் வேணும்னு இருந்தது. அந்த 52 மணி நேரப் பதிவு அதைக் கலைச்சுது. நான் போற பாதையில ஆள் உயரக் குதியல் எதுவும் இல்ல. பின்னாடி 130, முன்னாடி 140ல நின்னேன். அதுக்கு மேல போயிருந்தா வீட்டுல இருந்து மலை வரைக்கும் அந்த எடையை நான்தான் மிதிச்சிருக்கணும்.

இப்போ அப்பாவோட கேள்வி. ராக்‌ஷாக்ஸ் மாதிரி கம்பெனிகள் ஷாக்கோட ஏர் கேன் சர்வீஸுக்கு 50 மணி நேர ஓட்டம்னு கணக்கு கொடுக்குது. என் 190 மணிக்கு அது வருஷத்துக்கு நாலு தடவை கிட்ட. ஆரணியில ஆள் இல்ல. ஒவ்வொரு தடவையும் சென்னைக்கோ பெங்களூருக்கோ கழட்டி அனுப்பினா பணமும் போகும், பத்து நாள் பைக்கும் நிக்கும். அதனால பட்டியலைத் திருப்பிப் போட்டேன். முதல் கேள்வி: எதை நானே சரி பண்ண முடியும்?

நான் பார்த்தது இவ்வளவுதான். ஷாக் பொது அளவா இருக்கணும். 190க்கு 45, 210க்கு 50ன்னு மில்லிமீட்டர்ல அளவு இருக்கும். அப்போதான் ஒரு ஷாக் செத்தா வேற கம்பெனி ஷாக்கைப் போடலாம். அந்த பிரேமுக்குன்னே செஞ்ச தனி ஷாக்கா இருந்தா விட்டுட்டேன். மூட்டுல இருக்கிற பேரிங் எல்லாம் நம்பர் போட்ட பொது பேரிங்கா இருக்கணும். என்னோடதுல 6902. வேலூர்ல ஒரு பேரிங் கடையில நம்பரைச் சொன்னேன், சைக்கிள்னு சொல்லவே இல்ல, ரெண்டு நாள்ல வரவழைச்சுக் கொடுத்தார். பின் கியரைப் பிடிக்கிற ஹேங்கர் 2019ல வந்த யூனிவர்சல் வகையா இருந்தா இன்னும் நல்லது, வளைஞ்சா மாத்து ஹேங்கர் தேடி அலைய வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கும்போது சீட்டைப் பிடிச்சு மெதுவா மேல தூக்குங்க. பின் சக்கரம் தரையை விடறதுக்கு முன்னாடி "டக்"னு ஒரு ஆட்டம் தெரிஞ்சா, பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேஞ்சிருக்கு. ஃபோர்க்கோட வழவழ கம்பியில நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுற கீறல் இருந்தா எண்ணெய் கசியும். வெல்டிங் ஓரத்துல பெயின்ட் மயிரிழை மாதிரி விரிஞ்சிருந்தா எவ்வளவு சல்லிசுன்னாலும் திரும்பி வந்துடுங்க.

ஏர் கேன் சர்வீஸ் இப்போ நானே பண்றேன். காத்தை முழுசா இறக்காம ஏர் கேனைத் திறக்கவே கூடாது, அது மூஞ்சியில வந்து அடிக்கும். உள்ள இருக்கிற டேம்பர் நம்ம கைவேலை இல்ல, அதை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய அனுப்புறேன்.

பைக் வந்த அன்னைக்கு சாக் செட் பண்ணிட்டிருந்தேன். நாம ஏறி உக்காந்தாலே ஷாக் எவ்வளவு அமுங்குதுன்னு பார்க்கிறது அது. பின்னாடி 25 முதல் 30 சதவீதம் இருக்கணும். ஷாக் கம்பியில இருக்கிற ரப்பர் வளையத்தை மேல தள்ளிட்டு, உக்காந்து, இறங்கி, ஸ்கேல் வச்சு அளந்து, காத்து ஏத்தி, திரும்பவும் உக்காந்து. அப்பா திண்ணையில இருந்து பார்த்துட்டே இருந்தார். "பாவு இழுவை பார்க்கிற மாதிரி பார்க்கிறியே"ன்னார். இழுவை கூடினா இழை அறும், குறைஞ்சா நெசவு தொளதொளன்னு வரும், அந்தக் கணக்கு அவருக்குக் கைப்பழக்கம். அப்புறம் அவரே வந்து ஸ்கேலைப் பிடிச்சுக்கிட்டார்.

ஏரிக்கரைக்கு இன்னும் ஹார்ட்டெயில்தான் போகுது. புதுசு மலைக்கு மட்டும். மூணாவது மணி நேரத்துல முதுகு இப்போ பேச்சு கேக்குது. அந்த சரளை இறக்கத்துல மட்டும் இன்னும் பழைய வேகத்துலதான் இறங்குறேன்.

உங்க பைக்கோட எந்த பாகம் உங்க ஊர்ல கிடைக்கலன்னு எழுதி அனுப்புங்க, அதை வச்சு ஒரு எபிசோட் பண்ணுவோம். அடுத்த வாரம் பாப்போம். பத்திரமா ஓட்டுங்க, சீட்டை இறக்கிட்டு இறங்குங்க.