பஞ்ச காலத்திலும் விதைநெல்



"ஜனங்கள் சோற்றுக்குத் திண்டாடும்போது ஆராய்ச்சிக்கூடத்திற்குப் பணம் எதற்கு?" என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. கேட்பதற்கு இது நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் நடந்த காரியத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்தில் ஜனத்தொகை சுமார் அரைக் கோடிதான். 1991ல் சோவியத் நாடு உடைந்ததும் அதனோடு நடந்துவந்த வியாபாரம் படுத்துவிட்டது. பாங்கிகளும் ஆட்டங்கண்டன. மூன்றே வருஷத்தில் தேசத்தின் மொத்த உற்பத்தி நூற்றுக்குப் பத்துக்குமேல் குறைந்தது. 1990ல் வேலையில்லாதவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர்; 1994ல் 16 பேருக்கு மேல்!

அந்தச் சர்க்கார் என்ன செய்தது? பல செலவுகளை வெட்டிற்று. ஆனால் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதை மட்டும் கூட்டிற்று. 1983ல் ஏற்பட்ட டெக்கெஸ் என்னும் ஸ்தாபனம், கம்பெனிக்காரரையும் சர்வகலாசாலையாரையும் ஒன்றுசேர்த்துப் புதுத்தொழில் காணப் பணம் கொடுத்தது. 1996ல், சர்க்கார் கம்பெனிப் பங்குகளை விற்ற பணத்தில் ஒரு பகுதியையும் இதற்கே ஒதுக்கத் தீர்மானித்தார்கள். 1991ல் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 2 அளவிலிருந்த ஆராய்ச்சிச் செலவு, 1999ல் 3க்கு மேல் போயிற்று. மரமும் காகிதமும் விற்றுவந்த தேசம் கைத்தொலைபேசி விற்று உலகத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தது.

ஸ்பெயின் தேசமோ, 2008ல் வந்த நெருக்கடிக்குப் பின் வேறு வழியில் சென்றது. 2009க்கும் 2013க்கும் இடையில் ஆராய்ச்சிக்கான சர்க்கார் பணத்தில் மூன்றிலொரு பங்குக்குமேல் வெட்டினார்கள். படித்த வாலிபர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அயல்நாடு போனார்கள். அவர்களைப் படிக்கவைத்த செலவு ஸ்பெயினுக்கு, பலன் அடுத்தவனுக்கு!

இதனால் ஆராய்ச்சி ஒரு மந்திரம் என்று நான் சொல்லவில்லை. பின்லாந்தில் 2000ல்கூட நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் வேலையில்லாமல்தான் இருந்தார்கள். நோக்கியாவின் தொலைபேசித் தொழிலும் 2014ல் அமெரிக்கக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. ஒரே கம்பெனியை நம்பினால் வரும் வினை இது. பொதுப்பணத்தில் விளைந்த அறிவு யாருக்கு லாபமாகிறது என்று ஜனங்கள் கணக்குக் கேட்கவும் வேண்டும்.

மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 3 பங்கை 2010க்குள் ஆராய்ச்சிக்குச் செலவிடுவதென்று ஐரோப்பிய யூனியன் தலைவர்கள் 2002ல் பார்ஸிலோனாவில் குறி வைத்தார்கள். இருபது வருஷம் கழித்து, 2022லும் அது 2 சொச்சத்திலேயே நின்றது. பேசுவது சுலபம், கொடுப்பதுதான் கஷ்டம்.

தோழர்களே! பசித்தவனுக்குச் சோறு போடத்தான் வேண்டும், அதில் தகராறில்லை. ஆனால் விதைநெல்லைக் குத்திப் பொங்கிவிட்டால், இன்றைய பசி தீரும். அடுத்த ஆடியில் எதை விதைப்பது? யோசித்துப் பாருங்கள்.