ஜப்பானியம்: யாரைப் பார்த்துச் சொன்னது?



கியோத்தோவின் தைதோகுஜி வளாகத்தில் கொஹோஆன் என்ற சிறுகோயில் இருக்கிறது. அங்கே ‘கிசாயெமோன்’ என்னும் தேநீர்க் கிண்ணம் ஒன்றைப் போற்றிக் காத்துவருகிறார்கள். மங்கிய பழுப்பு மஞ்சள் நிறம். சக்கரம் சுழன்ற தடம் உடம்பெல்லாம் வரிவரியாகத் தெரியும். அடிப்பக்கத்தில் மேற்பூச்சு சுருண்டு முத்துமுத்தாகத் திரண்டிருக்கும். ஜப்பானிய அழகுணர்வின் உச்சம் என்று கொண்டாடப்படுவது. தேசியப் பொக்கிஷம் என அரசு அறிவித்தது. ஆனால் அது கொரியாவில் வனையப்பட்டது! 1931இல் அதைக் கையில் எடுத்துப் பார்த்த கைவினைச் சிந்தனையாளர் யனாகி முனேயோஷி, பெயர் தெரியாத ஒரு குயவர் ஏழைகள் சோறுண்ணச் செய்த கலயம் என்றே அதைப் பற்றி எழுதினார். அந்த எளிமைதான் அதன் பெருமை என்றார்.

கொரியக் கிண்ணமே ஜப்பானிய அழகின் உச்சம் என்றால், எது ஜப்பானியம்? இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் வந்த விடைகள், எதிரே நின்ற ஒருவரைப் பார்த்துச் சொன்னவை. பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் மொதோரி நோரினாகாவுக்கு எதிரே நின்றது சீனம். மத்சுசாகாவில் மருத்துவம் பார்த்துக்கொண்டே, 712இல் தொகுக்கப்பட்ட தொன்ம வரலாற்று நூலான ‘கொஜிகி’க்கு ஏறத்தாழ 35 ஆண்டுகள் உழைத்து உரை கண்டு, 1798இல் முடித்தார். சீனக் கல்வி படியாத பழைய மனத்தை அதில் தேடினார். அந்த மூலநூலோ சீன எழுத்துகளால் ஆனது. ஒவ்வொரு தொடரையும் எப்படி வாசிப்பது என்று தேடித் தேடியே அவர் முன்னேற வேண்டியிருந்தது.

பின்னர் வந்த மெய்ஜிக் காலத்தில் எதிரே நின்றது மேலைநாடு. நிதோபே இனாசோவின் ‘புஷிதோ’, ஒகாகுரா ககுசோவின் ‘தேநீர் நூல்’ (1906) இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. சாமுராய் வகுப்பு கலைக்கப்பட்ட பிறகு, அந்த வகுப்பில் பிறந்து கிறித்தவரான நிதோபே, அதன் அறத்தை நாடு முழுவதற்கும் உரிய ஆன்மாவாக எழுதினார். வயலில் நின்ற பெருங்கூட்டம் அதில் எங்கே? 1937இல் கல்வி அமைச்சகமே ‘கொகுதாய் நோ ஹொங்கி’யை வெளியிட்டு, பேரரசரைத் தலைவராகக் கொண்ட ஒரே குடும்பம் நாடு என்று பள்ளிகளுக்குப் போதித்தது. அது போருக்குத் துணைபோயிற்று. போருக்குப் பின் பொருளாதாரம் வளர்ந்தபோது, ஜப்பானியர் தனித்தன்மை பற்றிய நூல்கள் கடைகளில் குவிந்தன.

இந்த விடைகளுக்குப் பின்னால் ஒலித்த ‘ஒரே இனம், ஒரே மொழி’ என்ற பேச்சில் விடுபட்டவர்களைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரியூக்யூ அரசு 1879இல் ஒகினாவா மாவட்டமாக்கப்பட்டது. வடக்கே ஹொக்கைதோவில், ஐனு மக்களை உழவர்களாக மாற்ற 1899இல் சட்டம் வந்தது. ஆற்றையும் காட்டையும் நம்பி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் பள்ளியில் ஜப்பானிய மொழியில் மட்டுமே படித்தார்கள். 1994இல் நாடாளுமன்ற மேலவைக்குச் சென்ற முதல் ஐனு, கயானோ ஷிகேரு. அங்கே தம் தாய்மொழியில் பேசினார். நிபுதானி அணையை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், ஐனுக்கள் பூர்வகுடிகளே என்று சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 1997இல் ஒப்புக்கொண்டது. 1899ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாண்டே நீங்கியது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பூர்வகுடிகள் என்று எழுத்தில் ஏற்றது. ஆனால் ஆற்றில் சால்மன் பிடிக்கும் உரிமை கேட்டு ஐனுக்கள் தொடுத்த வழக்கை, 2024இல் அதே சப்போரோ நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.