மாத்திரை எடுக்கும் பிள்ளையின் நிறையைப் பார்த்தோமா?



மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை எடுக்கும் பிள்ளை ஊதிப்போனால் லயத்தில் என்ன பேசுகிறோம்? "வேலைக்குப் போகாமல் தின்றுவிட்டுப் படுக்கிறான்" என்கிறோம். நாங்களும் அப்படிப் பேசியவர்கள்தான்.

ஓலன்சபின், க்ளோசபின் போன்ற மாத்திரைகள் பசியைத் தூண்டும்; நிறையையும் இரத்தத்தில் சீனியையும் ஏற்றும். ஆனால் மாத்திரை மட்டும் காரணமில்லை. இவை வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1879இல், இங்கிலாந்து டாக்டர் ஹென்றி மோட்ஸ்லி, மனநோய் உள்ள குடும்பங்களில் சீனி வருத்தமும் அடிக்கடி தென்படுவதாக எழுதினார். ஒரே மாத்திரையில் ஒருவர் ஊதுவதும் மற்றவர் அப்படியே இருப்பதும் ஓரளவு பிறப்போடு வருவது. குடும்பத்தில் சீனி வருத்தம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதோடு நம் பழக்கமும் சேருகிறது. மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி, சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணி, பீடி. நாம் மலையேறி இறங்குகிறோம். அந்தப் பிள்ளையை வெட்கப்பட்டுக் காம்பராவுக்குள் வைத்திருக்கிறோம். நடப்பதற்காவது கூட்டிப் போகிறோமா?

இந்த நோயாளர் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முந்திச் சாவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பலரைக் கொல்வது இருதய வருத்தம்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நோய் திரும்பிவிடும். மாத்திரையை மாற்றவோ மெட்ஃபோமின் சேர்க்கவோ டாக்டருக்கு வழியுண்டு. தொடங்கும்போதே நிறை, இடுப்பளவு, பிரஷர், சீனி பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் மறுபடியும். பிறகு வருடா வருடம். மாத்திரையை மட்டும் தந்து அனுப்பினால் கேளுங்கள்.

கிளினிக் போகும் தாய்க்கு அன்றைய பேர் வெட்டப்படுவதை அடுத்த கமிட்டியில் வைக்கிறோம். கிளினிக் கொப்பியோடு வாருங்கள்.