சாவி யார் கையில்?
பூட்டிக் கிடக்கும் சொத்துக்கும் காலி மனைக்கும் ஊராட்சியில் பதிவேடு வேண்டும்!

(ஊராட்சி ஒன்றிய அலுவலகம் முன்பு நடைபெற்ற கவன ஈர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. கிராமந்தோறும் படித்து விவாதிப்பதற்காக வெளியிடப்படுகிறது.)

அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே! தாய்மார்களே! இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிற விவசாயத் தொழிலாளர்களே!

இன்றைக்கு நாம் கடன் தள்ளுபடி கேட்டு இங்கே உட்காரவில்லை. நெல்லுக்கு விலை கேட்டும் உட்காரவில்லை. அந்தக் கோரிக்கையெல்லாம் அப்படியே இருக்கு, அதை நாம விடப்போறதில்லை. இன்றைக்கு நாம் கேட்பது ஒரு நோட்டு. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு. "ஒரு நோட்டுக்காகவா இத்தனை பேர் வெயில்ல உட்கார்ந்திருக்கீங்க?" என்று காவல்துறை நண்பர் ஒருவர் காலையில் கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

மேலூர் பக்கம் நமக்குப் பெரியாறு பாசனத்தில் ஒருபோகம். ஆண்டுக்கு ஒரு தடவை தண்ணீர். அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தால்தான் அடுப்பு எரியும். நம் ஊர்க் கண்மாய் மடையிலிருந்து போகிற வாய்க்கால், ஒரு அரிசி ஆலையின் பின்பக்கச் சுவரை ஒட்டிப் போகிறது. அந்த ஆலைக்காரர் நம்ம ஆளுதான். விவசாயி வீட்டுப் பிள்ளை. வங்கியில் கடன் வாங்கி ஆலை வைத்தார். மழை பொய்த்தது, நெல் வரத்துக் குறைந்தது, தவணை நின்றது. வங்கி நோட்டீஸ் கொடுத்தது, பேப்பரில் போட்டது, ஆள் வந்து ஆலையைப் பூட்டியது. "இந்தச் சொத்து வங்கியின் சுவாதீனத்தில் உள்ளது" என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டுப் போனது. அது நடந்து ஆறு வருஷம் ஆச்சு.

ஆறு வருஷமாக ஏலம் போகவில்லை. யாரும் வந்து எட்டிப் பார்க்கவும் இல்லை. உள்ளே சீமைக்கருவேலம் காடாகிவிட்டது. பின்பக்கச் சுவர் இடிந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. சிறுபாலத்தை முள்ளும் கல்லும் அடைத்துக்கொண்டது. காட்டுப்பன்றி அங்கேதான் குட்டி போடுகிறது, ராத்திரி நம் வயலில் வந்து மேய்கிறது. போன வருஷம் தண்ணீர் திறந்து பதினெட்டு நாள் ஆகியும் அந்தச் சுவருக்குக் கீழே இருக்கிற நாற்பது ஏக்கருக்குச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. நாற்றங்காலில் பயிர் மஞ்சளாகி நின்றதை இங்கே இருக்கிற எல்லாரும் பார்த்தோம்.

சும்மா இருந்தோமா? இல்லை. வங்கிக் கிளைக்குப் போனோம். "வட்டார அலுவலகத்தில் கேளுங்க" என்றார்கள். அங்கே போனோம். "பொறுப்பு அதிகாரி மாறிப் போயிட்டார், புது ஆளு வரட்டும்" என்றார்கள். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தோம். "பட்டா இன்னும் பழைய முதலாளி பேர்லதான் இருக்கு" என்றார். ஊராட்சியில் கேட்டோம். "தனியார் சொத்து, நாங்க எப்படி நுழையுறது?" என்றார்கள். கடைசியாக அந்த ஆலைக்காரரையே போய்ப் பார்த்தோம். வீட்டுத் திண்ணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நான் வந்து வெட்டிவிடமாட்டேனா? சாவி என்கிட்ட இல்லையேண்ணே" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஒருநாள் இருபது பேர் அரிவாளும் மண்வெட்டியுமாக இறங்கினோம். வாய்க்காலில் கிடந்த கல்லை எடுத்துப் போட்டோம், முள்ளை வெட்டினோம், தண்ணீர் ஓடியது. மூன்றாம் நாள் நம் மேல் புகார். வங்கிச் சொத்தில் அத்துமீறி நுழைந்தோமாம்! ஆறு வருஷமாக வராதவர்களுக்கு, நாம் முள் வெட்டியது மட்டும் மூன்று நாளில் தெரிந்துவிட்டது.

தோழர்களே, இது ஒரு ஆலையின் கதை மட்டுமல்ல. பூட்டிக் கிடக்கிற கோழிப்பண்ணை, ஜப்தியான வீடு, ஆளில்லாத குடோன், விற்றவனும் வாங்கினவனும் மறந்துபோன மனைப்பிரிவு என்று ஒவ்வொரு கிராமத்திலும் ஒன்றிரண்டு இருக்கு. லாபம் வந்தால் சொந்தக்காரர் வந்துவிடுவார். தொல்லை வந்தால் யாரும் இல்லை. அந்தத் தொல்லையின் செலவு பக்கத்து வயல்காரன் தலையில் விழுகிறது. இதுதான் நம் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழி செய்தது 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட விதிகளில் 8-ஆம் விதியைப் படிக்க வேண்டும். வங்கி நேரடியாகக் கைப்பற்றிய சொத்தை, சாதாரண முன்யோசனை உள்ள ஒரு சொந்தக்காரர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், விற்கிற வரை பாதுகாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நாம் கேட்கிறோம்: முன்யோசனை உள்ள எந்தச் சொந்தக்காரர் தன் சுவர் வாய்க்காலில் விழுந்து கிடக்க ஆறு வருஷம் பேசாமல் இருப்பார்?

விதி இருக்கு. ஆனால் அந்த விதி வங்கியின் பணத்துக்குக் காவல். சொத்தின் விலை குறையக் கூடாது என்பது அதன் கவலை. பக்கத்து வயல், வாய்க்கால், ஊர்ப் பிள்ளைகள் அதன் கணக்கில் இல்லை. இன்னொரு ஓட்டையும் இருக்கு. பல சொத்துகளில் வங்கி காகிதத்தில் மட்டும் சுவாதீனம் எடுத்துவிட்டு, பூட்டுப் போடாமல் விட்டுவிடுகிறது. சொந்தக்காரர் அவமானம் தாங்காமல் வெளியூர் போய்விடுவார். அந்த இடைக்காலத்துக்கு யார் பொறுப்பு? யாரும் இல்லை.

அடமானங்களைப் பதிவு செய்ய 2011-இல் மத்தியப் பதிவகம் ஒன்று ஏற்படுத்தினார்கள். ஒரே சொத்தை இரண்டு வங்கியில் அடகு வைத்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக. நல்லது. வங்கி ஏமாறாமல் இருக்க டெல்லியில் பதிவேடு இருக்கு. வயல் காயாமல் இருக்க ஊராட்சியில் ஏன் இருக்கக் கூடாது?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் சிரிக்கிறார்கள். நடந்திருக்கு. நம் சங்கத்து இளைஞர் ஒருவர் தேடிப் படித்துச் சொன்னார். அமெரிக்காவில் 2007 வாக்கில் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். தெருத்தெருவாக வீடுகள் காலி. நீச்சல் குளமெல்லாம் கொசுக் குட்டை. கலிபோர்னியா மாநிலத்தில் சூலா விஸ்டா என்கிற நகராட்சி 2007-இல் ஒரு உள்ளூர்ச் சட்டம் போட்டது. தவணை தவறிய வீடு காலியாக இருக்கிறதா என்று கடன் கொடுத்தவரே போய்ப் பார்க்க வேண்டும், காலியென்றால் நகராட்சியில் பதிய வேண்டும், உள்ளூரில் ஆள் வைத்துப் பராமரிக்க வேண்டும். 2008-இல் அந்த மாநில அரசே சட்டம் போட்டு, கைப்பற்றிய காலி வீட்டைப் பராமரிக்காத உரிமையாளருக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்றது. பணக்காரர்களுக்குச் சாதகமான நாடு என்று பேர் வாங்கிய நாட்டிலேயே, கடன் கொடுத்தவரைப் பார்த்து "முள்ளை வெட்டு" என்று ஒரு நகராட்சி சொல்ல முடிந்திருக்கு. நம் ஊராட்சியால் ஏன் முடியாது?

இனி மனைப்பிரிவுக்கு வருவோம். நல்ல நஞ்சையை எல்லாம் கல் நட்டு, கொடி கட்டி, கூப்பன் போட்டு விற்றார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்ற மனைகளுக்காக 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. பத்திரம் சரியாகிவிட்டது. மனை சரியாகிவிட்டதா? வாங்கினவர் சென்னையில் இருப்பார், சிங்கப்பூரில் இருப்பார். கல் மட்டும் நம் ஊரில் நிற்கும். ரோடு என்று போட்டதில் வாய்க்கால் மூடிப்போயிருக்கும். பழைய கிணறு சுற்றுச்சுவர் இல்லாமல் வாய் பிளந்து கிடக்கும்.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் இரண்டு வயதுப் பிள்ளை விழுந்ததை நாடே பார்த்தது. நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. பயன்படாத ஆழ்குழாய்க் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லியிருந்தது. உத்தரவுக்குக் குறைச்சல் இல்லை. எந்த நிலத்தில் எந்தக் கிணறு, யார் மூட வேண்டும் என்று எழுதி வைத்த நோட்டுதான் ஊரில் இல்லை.

இதில் நம் உறுப்பினர் ஒரு பெரியவர் செயற்குழுவில் ஒரு கேள்வி கேட்டார். அதை மறைக்க மாட்டோம். "அய்யா, காலி நிலத்தைப் பதியச் சொல்றீங்க. நாளைக்கு என் தரிசையும் பதிஞ்சு எனக்கே அபராதம் போட்டா?" நியாயமான பயம். தண்ணீர் இல்லாமல் தரிசு போட்ட விவசாயியை இந்தப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. அப்படி ஒரு விதி வந்தால் முதலில் எதிர்ப்பது நம் சங்கம்தான். நாம் கேட்பது வங்கி கைப்பற்றிய சொத்து, கைவிடப்பட்ட கட்டடம், வீட்டுமனையாக மாற்றிவிட்டுக் கிடப்பில் போட்ட நிலம், இந்த மூன்றுக்கு மட்டும். அதேநேரம் நம்மில் மனை வாங்கிப் போட்டவர்களும் இருக்கிறோம். நம் மனையில் முள் இருந்தால் நாம் முதலில் வெட்டுவோம். அப்புறம் வங்கியைக் கேட்போம்.

கடன்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்டீஸ் வந்தால் வெட்கப்பட்டு மடித்து வைக்காதீர்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சர்பாசி நோட்டீசுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மதுரையிலேயே இருக்கு. விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் செல்லாது, 31-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் ஆவணத்தில் விவசாய நிலம் என்று இருந்தால் மட்டும் போதாது, அடமானம் வைத்தபோது உண்மையில் சாகுபடி நடந்ததைக் கடன் வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. ஆகவே வருஷாவருஷம் அடங்கலில் பயிர் ஏறுகிறதா என்று பாருங்கள். நகல் வாங்கி வையுங்கள். வாய்க்கால் அடைபட்டுச் சாகுபடி நின்றால், அடங்கலும் வெறுமையாகிவிடும். அந்த நிலத்தை நாளைக்கு அடமானம் வைக்கும்போது கையில் ஆதாரம் இருக்காது. பூட்டிய ஆலையின் முள் நம் நிலத்தின் பாதுகாப்பையும் அரிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு ஊராட்சியிலும் பூட்டிக் கிடக்கும் சொத்து, காலி மனைப் பதிவேடு தொடங்க வேண்டும். சர்வே எண், உரிமையாளர், வங்கியின் பெயர் அதில் இருக்க வேண்டும்.

2. வங்கி சுவாதீன நோட்டீஸ் ஒட்டும் அன்றே ஊராட்சிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாலுகாவுக்குள் இருக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுக்க வேண்டும்.

3. தண்ணீர் திறப்பதற்கு முன்பு சொத்துக்குள்ளும் ஓரத்திலும் உள்ள வாய்க்காலைத் தூர்வாரி, முள் அகற்ற வேண்டும். திறந்த கிணறுகளை மூட வேண்டும்.

4. செய்யத் தவறினால் ஊராட்சியே செய்து, செலவை அந்தச் சொத்தின் ஏலத் தொகையிலிருந்து முதலில் வசூலிக்க விதி வேண்டும்.

5. பாசன வாய்க்காலைச் சுத்தம் செய்த விவசாயிகள் மீதான புகாரைத் திரும்பப் பெற வேண்டும்.

6. நீரின்றித் தரிசு கிடக்கும் சிறு, குறு விவசாயி நிலத்துக்கு இந்த விதிகளிலிருந்து முழு விலக்கு வேண்டும்.

இதை மனுவாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட மாட்டோம். வருகிற கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, தீர்மான நோட்டில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்துப் போட்ட பிறகே எழுந்திருப்போம். மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் அந்தத் தீர்மான நகல்களை ஆட்சியர் மேசையில் வைப்போம். அதுவரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். அவரவர் ஊரில் பூட்டிக் கிடப்பது எது, அடைபட்ட வாய்க்கால் எது, திறந்த கிணறு எது என்று நாமே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்குவோம். அரசு பதிவேடு தொடங்கும்போது நம் நோட்டு தயாராக இருக்கட்டும்.

இந்த வருஷம் தண்ணீர் திறக்கும்போது அந்த நாற்பது ஏக்கரும் நனைய வேண்டும். நனையாவிட்டால் மறுபடியும் அரிவாளோடு இறங்குவோம். வழக்குப் போட்டால் எல்லார் பேரையும் சேர்த்தே போடட்டும்!

பூட்டியவரே பொறுப்பேற்க வேண்டும்!
கடைமடைக்குத் தண்ணீர் வேண்டும்!
ஊராட்சியில் பதிவேடு வேண்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!