உள்வீட்டைப் புதுப்பித்தல்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார் என்றார்கள் நம் முன்னோர். இன்று பெருநகரவாசிகள் பலர், அடுக்குமாடியில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி, அதன் உள்ளே இடித்தும் மாற்றியும் அமைத்துக்கொள்கிறார்கள். செல்வம் இருந்தால் பளிங்கும் தேக்கும் கிடைத்துவிடும். ஆனால், எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்னும் தெளிவு கடையிலே கிடைப்பதில்லை. அதனை ஒரு வீட்டினிடம் கேட்டறிவோம்.

நம் சண்டிகர் நகரை வகுத்த சிற்பி லெ கொர்பூசியே, தம் உறவினர் பியேர் ழான்னரேயுடன் சேர்ந்து, பாரிஸ் மாநகரின் மேற்கு ஓரத்தில் 1931 முதல் 1934 வரை ஒரு மாடிக் கட்டடத்தை எழுப்பினார். அதன் உச்சியிலுள்ள இரு தளங்களைத் தமக்கென வைத்துக்கொண்டார். பரப்பு ஏறத்தாழ 240 சதுர மீட்டர். 1965-இல் மறையும்வரை அதுவே அவரது இல்லம்.

அவ்வீட்டிலே ஆடம்பரம் எங்கே இருக்கிறது? வெளிச்சத்திலே இருக்கிறது. கட்டடத்தின் பாரத்தைத் தூண்கள் சுமப்பதால், உட்சுவர்களுக்குச் சுமையில்லை. ஆகவே, ஓவியக்கூடத்தைப் பிரிக்கும் இடத்தில் சுவருக்குப் பதிலாகப் பெரிய சுழற்கதவுகளை அமைத்தார். திறந்தால் வீடு ஒன்றாகும். மூடினால் ஓவியருக்குத் தனிமை. அக்கூடத்தில் அடுத்த கட்டடத்தை ஒட்டிய சுவரின் கரடுமுரடான கல்லையும் செங்கல்லையும் அவர் பூசி மறைக்கவில்லை. கட்டிலுக்கு உயரமான கால்கள் வைத்தார். படுத்தபடியே கைப்பிடிச்சுவருக்கு அப்பால் வெளியைக் காண வேண்டும் என்பதே காரணம். அந்தக் கட்டிலின் அளவைக் கண் நிர்ணயித்தது, கடைக்காரர் அல்லர்.

குறைகளும் இல்லாமலில்லை. மழை ஒழுகியது, இரும்புச் சட்டங்கள் துருப்பிடித்தன, பின்னர் மரச்சட்டங்கள் வந்தன. மேதையானாலும் மழை விடுவதில்லை!

2016-இல் யுனெஸ்கோ அவருடைய 17 படைப்புகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. இக்கட்டடமும், சண்டிகரின் கேபிடல் வளாகமும் அவற்றுள் அடங்கும். 2016 முதல் 2018 வரை வீடு புதுப்பிக்கப்பட்டது. அப்பொழுது ஒரு கேள்வி எழுந்தது: எந்த நாளின் வீட்டை மீட்பது? புதுமெருகுடன் திகழ்ந்த 1934-ஆம் ஆண்டின் வீட்டையா? வல்லுநர்கள் 1965-ஐத் தேர்ந்தார்கள். அதாவது, முப்பது ஆண்டுகள் ஒருவர் வாழ்ந்து, திருத்தி, பழகிய வீட்டை.

நேயர்களே! உங்கள் வீட்டைப் புதுப்பிக்குமுன் அந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். முதலில் கசிவையும் துருவையும் கவனியுங்கள். அழகு பிறகு வரட்டும். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்பதைப் பொறியாளரிடம் கேட்காமல் கடப்பாரையை எடுக்காதீர்கள். ஒரு நாள் முழுவதும் உள்ளே அமர்ந்து, காலை வெயில் எங்கே விழுகிறது, மாலைக் காற்று எவ்வழி வருகிறது என்று பாருங்கள். பாட்டியார் ஆடிய ஊஞ்சலின் கொக்கி உத்தரத்தில் இருந்தால், அதைப் பொய்க்கூரையால் மூடுமுன் ஒரு கணம் நில்லுங்கள். வந்து பார்ப்பவர் வியப்பது ஒரு நாழிகை. வாழ்பவர் வாழ்வதோ ஆயுள் முழுவதும்.